பேட்ச் எண் இல்லாத பேச்சு

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலை பூந்தமல்லியைக் கடந்ததும் நசரத்பேட்டை, செம்பரம்பாக்கம், தண்டலம், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் என ஊர்களைக் கோத்துக்கொண்டு சுங்குவார்சத்திரத்தை அடைகிறது. இந்தச் சாலையையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் சார்ந்து மருத்துவக் கல்லூரிகள், மருந்தியல் படிப்புகளை நடத்தும் நிறுவனங்கள், மருந்து தயாரிக்கும் சிறு தொழிற்கூடங்கள், தெருவுக்குத் தெரு மெடிக்கல் ஷாப்புகள் என எல்லாமே இருக்கின்றன. ஒரு மருந்து உருவாவதிலிருந்து நோயாளியின் கைக்கு வந்து சேர்வது வரையிலான கட்டங்களில் பணியாற்றும் மருந்தாளுநர்களையும், அப்பணிக்குப் படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களையும் இங்கே ஒருசேரக் காணலாம். ஆகவே மருந்தாளுநர்கள் தமக்குள் எதைப் பேசுகிறார்கள், ஒருவருக்குத் தெரிந்த செய்தி மற்றவருக்கு எந்த வடிவில் சென்று சேர்கிறது, அந்தப் பேச்சில் பயனுள்ளது எது, வெறும் சலசலப்பு எது என்னும் கேள்விகள், மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு தொழிலின் உள்விவகாரம் போலத் தோன்றினாலும், குழந்தையின் இருமலுக்கு மருந்து வாங்கப் போகும் ஒவ்வொருவரையும் பற்றியவையே. 2025 அக்டோபரில் இதே சாலையிலுள்ள சுங்குவார்சத்திரத்தின் பெயர் உலகச் செய்தியானபோது, அது எவருக்கும் ஐயமின்றி விளங்கியது.

மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில், பராசியா வட்டாரத்துக் குழந்தைகள் சிலர் சளிக்கும் காய்ச்சலுக்கும் சிகிச்சை பெற்ற சில நாட்களிலேயே சிறுநீர் குறைந்து, சிறுநீரகம் செயலிழந்து இறக்கத் தொடங்கினார்கள். ஏதோ தொற்றுநோயாக இருக்கலாம் என்ற கோணத்தில் முதலில் ஆய்வுகள் நடந்தன. இறந்த குழந்தைகளில் பலர் ‘கோல்ட்ரிஃப்’ என்னும் இருமல் சிரப்பைக் குடித்திருந்தார்கள் என்பது பிறகே கவனத்துக்கு வந்தது. அதைத் தயாரித்தது சுங்குவார்சத்திரத்தில் இயங்கிவந்த ஸ்ரீசன் பார்மாசூட்டிகல்ஸ் என்னும் நிறுவனம். அக்டோபர் 1 அன்று மத்தியப் பிரதேச அதிகாரிகளிடமிருந்து தகவல் கிடைத்ததும், ஆயுத பூஜை விடுமுறையாக இருந்தபோதிலும், தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் உடனடியாகத் தொழிற்கூடத்துக்குச் சென்று மாதிரிகளை எடுத்தனர். சென்னையிலுள்ள அரசு ஆய்வகத்தில் அவை அவசரமாகச் சோதிக்கப்பட்டன. எஸ்.ஆர்.-13 என்ற பேட்ச் எண் கொண்ட சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுப்பொருள் 48.6 விழுக்காடு இருந்ததாக முடிவு வந்தது. இத்தகைய மருந்தில் அதற்கு அனுமதிக்கப்படும் உச்ச வரம்பு 0.1 விழுக்காடுதான். விற்பனை தடை செய்யப்பட்டது. நிறுவன உரிமையாளர் அக்டோபர் 9 அன்று கைதானார். அக்டோபர் 13 அன்று உரிமம் ரத்தானது. அதே நாளில் உலக சுகாதார நிறுவனமும் எச்சரிக்கை வெளியிட்டது. அதற்குள் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்திருந்தார்கள். எந்த மருந்து, எங்கே தயாரானது என்று குறிப்பாகச் சொல்ல முடிந்த பிறகு சில நாட்களுக்குள் முடிந்துவிட்ட சோதனை, அவ்வாறு சொல்ல முடியாதிருந்த வாரங்களில் நடக்கவே இல்லை என்பதுதான் இந்நிகழ்வில் மருந்தாளுநர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி.

இங்கே பேட்ச் எண் என்பதைச் சற்று விளக்க வேண்டும். ஒரே மூலப்பொருட்களைக் கொண்டு ஒரே சுற்றில் தயாரான மருந்துகள் அனைத்துக்கும் பொதுவாக இடப்படும் அடையாள எண் அது. மருந்துப் பட்டையின் பின்புறமோ புட்டியின் லேபிளிலோ தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி ஆகியவற்றுடன் அச்சிடப்பட்டிருக்கும். ஒரு மருந்தில் குறை இருப்பதாகத் தெரிந்தால், நாடெங்கும் பரவியிருக்கும் அந்தப் பெயருடைய மருந்துகளில் எவற்றைத் திரும்பப் பெற வேண்டும், எவற்றை விட்டுவிடலாம் என்று பிரித்தறிய உதவுவது அந்த எண்தான். கடைக்காரரின் கொள்முதல் பில்லிலும் அது பதிவாகிறது. காலாவதித் தேதியைப் பார்க்கும் பழக்கம் மக்களிடையே ஓரளவு பரவியிருக்கிறது. பேட்ச் எண்ணைப் படித்துச் சொல்லும் பழக்கமோ, தொழிலில் இருப்பவர்கள் பலருக்கே இல்லை.

டைஎத்திலீன் கிளைக்கால் எவ்வாறு மருந்துக்குள் நுழைகிறது என்பது, மருந்தியல் மாணவர்கள் எத்தனை முறை பேசினாலும் தகும் பொருள். நீரில் எளிதில் கரையாத பாராசிட்டமால் போன்றவற்றைச் சிரப்பாக்குவதற்குப் புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், சார்பிட்டால் போன்ற கரைப்பான்களைச் சேர்க்கிறார்கள். இவை நோயைத் தீர்ப்பவை அல்ல, மருந்தைச் சுமந்து செல்பவை. ஆகவே துணைப்பொருட்கள் எனப்படுகின்றன. இவற்றில் மருந்துக்குரிய தரத்தில் தயாரானவை வேறு, பெயிண்ட், பிசின் போன்ற தொழில்களுக்காக விற்கப்படுபவை வேறு. பின்னதன் விலை குறைவு. அதில் டைஎத்திலீன் கிளைக்கால் கலந்திருக்கக்கூடும். இரண்டும் நிறமற்றவை, இனிப்புச் சுவையுடையவை, சற்றே கெட்டியாக ஓடுபவை என்பதால் கண்ணாலோ நாவாலோ வேறுபாடு தெரியாது. உடலுக்குள் சென்றதும் டைஎத்திலீன் கிளைக்கால் சிதைந்து டைகிளைக்காலிக் அமிலமாக மாறி, சிறுநீரகத்தின் நுண்குழல்களை அழிக்கிறது. வாந்தி, வயிற்றுவலி, பிறகு சிறுநீர் குறைதல் என்று அது வெளிப்படும்போது, காய்ச்சலின் தொடர்ச்சியாகவே பெற்றோரும் மருத்துவரும் அதை எடுத்துக்கொள்ள வாய்ப்பு மிகுதி. செம்பரம்பாக்கத்தில் நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் நீரைச் சுத்திகரிக்கும் திறனுடைய நிலையம் இருக்கிறது. ஏரி நீர் தெளிவாகத் தெரிகிறது என்பதற்காக அதைச் சோதிக்காமல் நகரத்துக்கு அனுப்ப எவரும் ஒப்ப மாட்டார்கள். பீப்பாயில் வரும் கரைப்பானுக்கும் சட்டம் அதே விதியைத்தான் வகுத்திருக்கிறது. மூலப்பொருளின் ஒவ்வொரு பேட்ச்சையும் பயன்படுத்துவதற்கு முன் சோதிக்க வேண்டும் என்பது மருந்து விதிகளில் உள்ள கட்டாயம். சுங்குவார்சத்திரத் தொழிற்கூடத்தில் மருந்துத் தரமற்ற புரோப்பிலீன் கிளைக்கால் வாங்கப்பட்டதும், அது சோதிக்கப்படாததும் ஆய்வில் வெளிப்பட்டன.

இந்த நஞ்சு புதிதன்று. 1937-இல் அமெரிக்காவில் மாசெங்கில் என்னும் நிறுவனம் சல்ஃபனிலமைடு மருந்தை டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்து விற்றதால் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; அதன் விளைவாகவே, விற்பனைக்கு முன் மருந்தின் பாதுகாப்பை நிறுவ வேண்டும் என்ற சட்டம் அந்நாட்டில் 1938-இல் வந்தது. இந்தியாவில் 1970-களின் தொடக்கத்திலேயே சென்னை எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனையில் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இதே நஞ்சால் இறந்திருக்கிறார்கள். 1986-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் கலப்படக் கிளிசரின் 14 பேரைக் கொன்றது. நீதிபதி லெண்டின் தலைமையிலான ஆணையம் அதை விசாரித்தது. 1998-இல் குர்கானில் 33 குழந்தைகள், 2019 இறுதியிலும் 2020 தொடக்கத்திலும் ஜம்முவின் ராம்நகரில் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள், 2022-இல் இந்தியாவிலிருந்து ஏற்றுமதியான சிரப்புகளைக் குடித்துக் காம்பியாவில் சுமார் 70 குழந்தைகள் என்று பட்டியல் நீள்கிறது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன் எழும்பூரில் கற்ற பாடம் அங்கிருந்து ஐம்பது, அறுபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒரு தொழிற்கூடத்தைச் சென்றடையவில்லை என்றால், அறிவு இல்லாதது அதற்குக் காரணமன்று. இருந்த அறிவு போய்ச் சேரவில்லை, அல்லது சேர்ந்தும் பொருட்படுத்தப்படவில்லை.

காம்பியா நிகழ்வுக்குப் பிறகு, 2023 ஜூன் 1 முதல் ஏற்றுமதியாகும் இருமல் சிரப்புகள் அரசு ஆய்வகங்களில் சோதிக்கப்பட்ட பின்னரே நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று மத்திய அரசு ஆணையிட்டது. உள்நாட்டில் விற்கப்படும் சிரப்புக்கு அத்தகைய வெளிச்சோதனை அப்போது கட்டாயமாக்கப்படவில்லை. வெளிநாட்டுக் குழந்தைக்கு ஒரு வேலி, உள்ளூர்க் குழந்தைக்கு வேறு வேலி என்னும் இந்த முரண் அன்றே மருந்தாளுநர் வட்டாரத்தின் முதல் பேசுபொருளாக இருந்திருக்க வேண்டும். அதே 2023-இன் டிசம்பரில், குளோர்ஃபெனிரமின், ஃபீனைலெஃப்ரின் ஆகிய இரண்டும் சேர்ந்த கூட்டுமருந்தை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தரக் கூடாது என்றும், அந்த எச்சரிக்கையை லேபிளில் அச்சிட வேண்டும் என்றும் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை இயக்குநர் அறிவுறுத்தியிருந்தார். கோல்ட்ரிஃப் சிரப்பில் இருந்தவை பாராசிட்டமாலும் இவ்விரண்டும்தான். நச்சுக் கலப்பைக் கடைக்காரர் கண்டுபிடித்திருக்க முடியாது என்பது உண்மை. ஆனால் நான்கு வயது நிரம்பாத குழந்தைக்கு அந்த மருந்து எழுதப்பட்டிருக்கும்போது, மருந்தில் நஞ்சே இல்லாவிட்டாலும், ஒரு மருந்தாளுநர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டிருக்கலாம். அதற்கு அந்த அறிவுறுத்தல் அவர் கவுண்டர் வரை வந்திருக்க வேண்டும்.

தொழில்முறைப் பேச்சின் தகுதியை அளக்க இங்கிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கிறது. ஒரு செய்தியைக் கேட்ட மருந்தாளுநர், மறுநாள் காலையில் கவுண்டரிலோ வார்டிலோ ஆய்வகத்திலோ எதையாவது வேறுவிதமாகச் செய்வாரா என்பதே அந்த அளவுகோல். வாட்ஸ்அப் குழுக்களில் பரவும் செய்திகளை இதைக் கொண்டு நிறுத்துப் பார்த்தால் பெரும்பகுதி தேறாது. எடுத்துக்காட்டாக, மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு, தரச் சோதனையில் தேறாத மருந்துகளின் பட்டியலை மாதந்தோறும் வெளியிடுகிறது. 2024 செப்டம்பரில் வெளியான பட்டியலில் 50-க்கும் மேற்பட்ட மருந்துகள் இடம்பெற்றன. காய்ச்சலுக்கான பாராசிட்டமால், கால்சியம், ரத்த அழுத்தத்துக்கான மாத்திரை போன்ற வீட்டுக்கு வீடு புழங்கும் மருந்துகள் அதில் இருந்ததால் நாடெங்கும் பரபரப்பு எழுந்தது. பட்டியலில் ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே பேட்ச் எண் இருந்தது. கைபேசிகளில் பரவிய செய்திகளிலோ பெரும்பாலும் மருந்தின் பெயர் மட்டுமே இருந்தது. பட்டியலில் இருந்த சில பேட்ச்சுகள் தாம் தயாரித்தவையே அல்ல, போலிகள் என்று தொடர்புடைய நிறுவனங்கள் மறுத்தது தனிச் செய்தி. பேட்ச் எண் இல்லாமல் பரவிய அந்த எச்சரிக்கையால் கடைக்காரர் எந்தப் பெட்டியை எடுத்து ஒதுக்கி வைப்பது என்று அறிய முடியாது. ரத்த அழுத்த மாத்திரையைத் தானாக நிறுத்திவிடும் முதியவருக்கோ அதனால் கேடுதான் விளையும். பாதி உண்மை முழுப் பொய்யை விடத் தீங்கு செய்யும் துறைகளில் மருந்து முதன்மையானது.

இதற்கு நேர்மாறான, செம்மையான தொழில்முறைப் பேச்சுக்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால் 1961-க்குப் போக வேண்டும். ஆஸ்திரேலிய மகப்பேறு மருத்துவர் வில்லியம் மெக்பிரைட் அவ்வாண்டு டிசம்பரில் ‘லான்செட்’ மருத்துவ இதழுக்கு ஒரு சிறு கடிதம் எழுதினார். கருவுற்ற காலத்தில் தாலிடோமைடு என்னும் மருந்தை உட்கொண்ட பெண்களுக்குப் பிறந்த குழந்தைகளிடையே கடுமையான உறுப்புக் குறைபாடுகள் வழக்கத்தை விட மிகுதியாகக் காணப்படுவதைச் சுருக்கமாகக் குறிப்பிட்டு, இதழைப் படிக்கும் பிற மருத்துவர்கள் எவரேனும் இத்தகையவற்றைக் கண்டிருக்கிறார்களா என்று வினவியிருந்தார். எந்த மருந்து, யாருக்கு, எப்போது, என்ன நேர்ந்தது, மற்றவர் அனுபவம் என்ன என்பதற்கு மேல் அக்கடிதத்தில் எதுவும் இல்லை. இன்று உலகெங்கும் நடைபெறும் மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்பு முழுவதும் ஏதோ ஒரு வகையில் அந்தக் கடிதத்தின் வாரிசு எனலாம். இதே மெக்பிரைட் பிற்காலத்தில் வேறொரு மருந்தைக் குற்றம்சாட்டும் முயற்சியில் விலங்குச் சோதனைத் தரவுகளைத் திரித்தது நிரூபணமாகி, 1993-இல் மருத்துவர் பதிவேட்டிலிருந்தே நீக்கப்பட்டார். பேசுபவரின் புகழ் தரவுக்கு ஈடாகாது என்பதற்கு ஒரே மனிதரின் வாழ்க்கையில் இரண்டு சான்றுகளும் கிடைப்பது அரிது.

இந்தியாவில் இத்தகைய தகவல்களைத் திரட்டுவதற்கு 2010-இல் தொடங்கப்பட்டது இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம்; காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்து நூல் ஆணையம், அதாவது மருந்துகளின் தர அளவைகளை வகுத்து வெளியிடும் நடுவண் நிறுவனம், 2011 முதல் அதை ஒருங்கிணைக்கிறது. பல மருத்துவக் கல்லூரிகளில் இதன் மையங்கள் உள்ளன. பக்கவிளைவு என்று ஐயம் எழுந்தாலே போதும், அதை நிரூபித்த பிறகுதான் எழுத வேண்டும் என்பதில்லை. மருத்துவர் மட்டுமல்லாமல் மருந்தாளுநரும், செவிலியரும், நோயாளியே கூடவும் தகவல் தரலாம். பொதுமக்களுக்கான படிவம் தமிழிலும் உண்டு. நோயாளியின் பெயர்ச் சுருக்கமும் வயதும், சந்தேகத்துக்குரிய மருந்து, ஏற்பட்ட விளைவு, தகவல் தருபவர் ஆகியவை இருந்தால்தான் அறிக்கை கணக்கில் கொள்ளப்படும். பேட்ச் எண்ணுக்கும் அப்படிவத்தில் இடம் உண்டு. ஆயிரம் பேர் ஆயிரம் கடைகளில் ‘இந்த மாத்திரை பலருக்கு ஒத்துக்கொள்வதில்லை’ என்று சொல்லிக்கொண்டிருப்பதால் எதுவும் மாறுவதில்லை. அதே செய்தி அறிக்கைகளாகச் சேரும்போதுதான் ஒரு வடிவம் புலப்படுகிறது.

அவ்வாறு புலப்பட்டதற்கு அண்மைக்காலச் சான்று மெஃபனாமிக் அமிலம். மாதவிடாய் வலிக்காக மருத்துவரைப் பார்க்காமலே பெண்கள் பரவலாக வாங்கும் மருந்து இது. காசியாபாத் ஆணையம் 2023 நவம்பர் இறுதியில், கண்காணிப்புத் திட்டத்துக்கு வந்த அறிக்கைகளின் அடிப்படையில், இம்மருந்து அரிதாகச் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கலாம் என்று எச்சரித்தது. தோல் தடிப்பு, காய்ச்சல், நிணநீர்க் கணுக்களின் வீக்கம், கல்லீரல் முதலிய உள்ளுறுப்புகளின் பாதிப்பு ஆகியவை மருந்து உட்கொண்ட சில வாரங்களுக்குப் பிறகும் தோன்றக்கூடும் என்பதுதான் இந்த ஒவ்வாமையின் சிக்கல். மூன்று வாரத்துக்கு முன் போட்ட மாத்திரையை எவரும் நினைவில் வைத்திருப்பதில்லை. இந்தச் செய்தியைப் பெற்ற மருந்தாளுநர் செய்ய வேண்டியது, மருந்தை விற்க மறுப்பதோ வருபவரை அச்சுறுத்துவதோ அல்ல. முன்பு இம்மாத்திரையால் தடிப்பு வந்ததுண்டா என்று கேட்பதும், அவ்வாறு ஏதேனும் தோன்றினால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போகச் சொல்வதும் அரை நிமிட வேலை.

கேள்வி கேட்கும் முறையிலும் இதே ஒழுங்கு தேவை. ‘குழந்தைக்குப் பாராசிட்டமால் எவ்வளவு தரலாம்?’ என்று ஒரு மாணவர் கேட்டு, ‘5 மில்லி’ என்று இன்னொருவர் விடை சொன்னால், கேள்வியும் தவறு, விடையும் தவறு. ஒரு வேளைக்கான அளவு, குழந்தையின் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பதே நூல்கள் சொல்லும் கணக்கு. ஆகவே பத்துக் கிலோ குழந்தைக்கு 100 முதல் 150 மில்லிகிராம் போதும். கடைகளில் கிடைக்கும் சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் கொண்டதும் உண்டு, 250 மில்லிகிராம் கொண்டதும் உண்டு. சொட்டு மருந்திலோ ஒரே மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கிறது. அந்த ‘5 மில்லி’ சொட்டு மருந்தாக ஊற்றப்பட்டால் குழந்தையின் உடலுக்குள் போவது 500 மில்லிகிராம், அதாவது பெரியவர்களுக்கான ஒரு முழு மாத்திரை. வயது, எடை, மருந்தின் செறிவு, குழந்தை ஏற்கெனவே உட்கொண்டிருக்கும் வேறு மருந்துகள் ஆகியவற்றைக் கேட்டறியாமல் அளவு சொல்வதைத் தொழிலறிவு என்று கொள்ள இயலாது. சளி மருந்துகள் பலவற்றிலும் பாராசிட்டமால் சேர்ந்திருப்பதால், காய்ச்சல் சிரப்பும் சளி சிரப்பும் சேர்ந்து அளவை இரட்டிப்பாக்கிவிடும் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்ககம், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதவோ தரவோ கூடாது என்றும், ஐந்து வயதுக்குக் கீழும் பொதுவாக அவை பரிந்துரைக்கத் தக்கவை அல்ல என்றும் அறிவுறுத்தியது நினைவில் கொள்ளத்தக்கது.

மருந்தியல் கல்வியின் அமைப்பு இதற்குத் துணைசெய்கிறதா என்பது தனியே ஆராயத்தக்கது. காசி இந்து பல்கலைக்கழகத்தில் மகாதேவ லால் ஷ்ராஃப் 1932-இல் இக்கல்விக்கு அடித்தளமிட்டபோதும், 1948-இல் மருந்தாளுநர் சட்டம் வந்தபோதும், நாட்டின் முதன்மைத் தேவை நல்ல மருந்தைத் தயாரிப்பதாகவே இருந்தது. நான்காண்டு பி.பார்ம். படிப்பின் சாய்வு இன்றும் பெரும்பாலும் தொழிற்சாலையை நோக்கித்தான். 2008-இல் தொடங்கப்பட்ட ஆறாண்டு பார்ம்.டி. படிப்புதான் மாணவரை வார்டுக்குள் அழைத்துச் சென்று, நோயாளி சொல்வது, சோதனைகளில் தெரிவது, அவற்றிலிருந்து பெறப்படும் முடிவு, அடுத்துச் செய்ய வேண்டியது என்னும் வரிசையில் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் எழுதவும் விவாதிக்கவும் பழக்குகிறது. இந்த வரிசை மருத்துவமனைக்கு மட்டும் உரியதன்று. தெருமுனைக் கடையில் நிற்கும் டி.பார்ம். பட்டயம் படித்தவருக்கும் அதே பயிற்சி கிடைக்குமானால், கடையில் எழும் ஐயங்களே தரமான விவாதப் பொருளாகிவிடும். தேர்வு வினாக்களும் வேலைவாய்ப்புச் செய்திகளும் மாணவர் பேச்சை நிரப்புவது இயல்பு. அவற்றுக்கு நடுவில் வாரம் ஒரு மருந்துச் சீட்டையாவது இவ்வாறு அலசினால், பட்டம் பெறும் நாளில் அவர்களிடம் பாடநூலில் இல்லாத அறிவு சேர்ந்திருக்கும்.

மருந்துச் சீட்டை அலசுவது என்றதும் ஓர் எச்சரிக்கை வேண்டியிருக்கிறது. மருத்துவரின் கையெழுத்து புரியவில்லை என்பதற்காகச் சீட்டைப் படம் பிடித்துப் பலருக்கு அனுப்பி விளக்கம் கேட்கும் வழக்கம் பெருகியிருக்கிறது. அதில் நோயாளியின் பெயர், வயது, நோய், சில வேளைகளில் தொலைபேசி எண்ணும் இருக்கும். மனநோய்க்கோ, காசநோய்க்கோ, எச்.ஐ.வி. தொற்றுக்கோ சிகிச்சை பெறுபவரின் சீட்டு ஊரிலுள்ள இருநூறு கைபேசிகளுக்குப் போவது என்ன விளைவைத் தரும் என்று சொல்லத் தேவையில்லை. 2015-இல் வகுக்கப்பட்ட மருந்தாளுநர் தொழில் நடத்தை விதிகள், சீட்டைச் சரிபார்ப்பதையும் நோயாளிக்கு ஆலோசனை கூறுவதையும் மருந்தாளுநரின் கடமையாக்கியதோடு, நோயாளியின் அந்தரங்கத்தைக் காப்பதையும் கடமையாகவே வைத்திருக்கின்றன. கையெழுத்து விளங்காவிட்டால் கேட்க வேண்டியது எழுதிய மருத்துவரிடம். கற்பதற்காகப் பகிர்வதானால் பெயரையும் அடையாளங்களையும் நீக்கிவிட்டுத்தான் பகிர வேண்டும். ஊகத்தால் ஒரு மருந்தின் பெயரைப் படித்துச் சொல்பவர் உதவி செய்வதாக எண்ணலாம். பெயரில் ஒத்து ஒலிக்கும் மருந்துகள் எத்தனை என்பதை அறிந்தவர் அந்தத் துணிவை மெச்ச மாட்டார்.

பேசப்படுவதற்கும் செய்யப்படுவதற்கும் உள்ள இடைவெளி மிகுதியாகத் தெரியும் இடம் நுண்ணுயிர்க்கொல்லிகளின் விற்பனை. மருந்து விதிகளின் எச்-1 பட்டியல் 2013-இல் அறிவிக்கப்பட்டு 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மூன்றாம் தலைமுறை நுண்ணுயிர்க்கொல்லிகள், காசநோய் மருந்துகள், பழக்கத்துக்கு அடிமையாக்கும் சில மருந்துகள் ஆகியவற்றை விற்கும்போது மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று அது வரையறுக்கிறது. மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பற்றிக் கருத்தரங்குகளில் ஓயாமல் பேசப்படுகிறது. சீட்டே இல்லாமல் வந்து ‘போன தடவை தந்த ஆன்டிபயாட்டிக்கில் மூணு மாத்திரை கொடுங்க’ என்பவருக்கு மறுப்புச் சொல்லும் விதத்தைப் பற்றிப் பேசுவார் குறைவு. மறுத்தால் அவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்னும் வணிக உண்மையை ஒளிக்காமல் பேசும் கூட்டமே பயனுள்ள கூட்டம். ஒரே தெருவிலுள்ள நான்கு கடைக்காரர்கள் இதில் ஒத்த முடிவெடுப்பது, பன்னாட்டுத் தீர்மானம் ஒன்றை விடக் கூடுதலாகச் சாதிக்கும்.

இந்த உரையாடல்கள் எந்த மொழியில் நடக்கின்றன என்பதையும் கருத வேண்டும். பாடமும் எச்சரிக்கை அறிவிப்புகளும் ஆங்கிலத்தில் இருக்க, கவுண்டரில் நடப்பது முழுவதும் தமிழ். ‘ஒன்று விட்டு ஒரு நாள்’, ‘வாரம் ஒரு முறை’ என்பவற்றைத் தெளிவாகச் சொல்லாததால் பெரும் தீங்கு நேரலாம். மூட்டுவாதத்துக்கு வாரம் ஒரு முறை மட்டும் உட்கொள்ள வேண்டிய மெத்தோட்ரெக்சேட் மாத்திரையைத் தவறுதலாக நாள்தோறும் விழுங்கி இறந்தவர்களைப் பற்றிய பதிவுகள் பல நாடுகளின் மருத்துவ இதழ்களில் உள்ளன. எந்தக் கிழமை என்று கேட்டு உறையின் மேல் தமிழில் எழுதித் தருவது அந்த விபத்தைத் தடுக்கும். தமிழ்நாடு அரசு 2025 பிப்ரவரி 24 அன்று ஆயிரம் முதல்வர் மருந்தகங்களைத் தொடங்கியபோது, அவற்றை நடத்தும் வாய்ப்பு மருந்தியல் பட்டமும் பட்டயமும் பெற்றவர்களுக்குத் திறந்தது. மலிவு விலையில் மருந்து வாங்க அங்கு வருபவர்களுக்கு நோயையும் மருந்தையும் பொறுமையாக விளக்கிச் சொல்லும் தமிழ் எத்தகையதாக இருக்க வேண்டும் என்பதும் மருந்தியல் வகுப்பறைகளில் பாடமாக வேண்டும்.

பொதுமக்கள் செய்யக்கூடியதும் உண்டு. மருந்து வாங்கும்போது பில் கேட்டுப் பெறுவதும், மருந்து தீரும் வரை புட்டியையும் அட்டையையும் எறியாமல் வைத்திருப்பதும், சிரப் கொடுத்த பின் குழந்தைக்கு வாந்தி மிகுந்தாலோ சிறுநீர் குறைந்தாலோ அந்தப் புட்டியுடனேயே மருத்துவமனைக்குப் போவதும் எவராலும் இயலும். மருந்தால் ஏதேனும் தீங்கு நேர்ந்ததாக ஐயம் எழுந்தால், கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண்ணான 1800-180-3024-ஐ வேலை நாட்களில் அழைக்கலாம். அழைக்கும்போது மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் பெயரோடு பேட்ச் எண்ணையும் படித்துச் சொல்லுங்கள்.